வெயில் பக்கத்து இறக்கம்

அன்று மேலே ஏறியவர்கள் மூன்று பேர். மிலானிலிருந்து வந்திருந்த கார்லோ, அவர் மனைவி லூச்சியா, துணைக்கு நான். வந்திருக்க வேண்டிய புரூனோ வரவில்லை. நான் வேலை பார்க்கும் பால்பண்ணைக்காரரின் மகன் அவன். குளிர்காலத்தில் அவர்கள் வீட்டில் தங்கும் விருந்தாளிகளுக்குப் பனிச்சறுக்குச் சொல்லித்தருவதும், யார் எந்தப் பாதையில் இறங்கலாம் என்று முடிவு செய்வதும் அவன் பொறுப்பு. அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். "சாயங்காலம் சிவப்புப் பாதையிலயே கூட்டிட்டு வந்துரு, நம்ம வாசல்லதான் முடியும்" என்று சொல்லிவிட்டு முகத்தோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அப்படித்தான் ஏலமலையில் பிறந்த நான் இத்தாலிய மலையில் இரண்டு பேருக்கு வழிகாட்டியானேன்.

இந்த ஊருக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். இன்னும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இவர்கள் இறங்குவதற்காகவே மலை ஏறுகிறார்கள். காசு கொடுத்து, கம்பியில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து உச்சிக்குப் போகிறார்கள். அங்கே ஒரு வேலையும் இல்லை. காலில் சறுக்குப் பட்டையை மாட்டிக்கொண்டு கீழே வந்து, மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் எஸ்டேட்டில் கம்பியில் தொங்கிப் போனது தேயிலைக் கொழுந்து மூட்டைதான், மனிதர்கள் இல்லை. இறக்கம் என்றால் அங்கே முதுகில் சுமை இருக்கும், கீழே எடை போடுகிறவர் காத்திருப்பார். சும்மா இறங்குவதற்கு ஒரு இறக்கம் இருக்க முடியும் என்று அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். தம்பி படித்துக் காட்டியிருக்கிறான். "இறங்குனா என்ன குடுப்பாக?" என்று அம்மா கேட்டதாகப் பதில் வந்தது.

போடிமெட்டிலிருந்து கேரளப் பக்கமாக நடக்கும் தூரத்தில் இருந்த எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபின் எஸ்டேட் ஆபீசில் நாற்காலி கிடைக்கவில்லை. காட்டுக்குள் கொழுந்தெடுக்கப் போனால், "தொரை வந்துட்டாருடி, வெலகுங்க" என்று பெண்கள் கேலி செய்தார்கள். எழுபத்தைந்தில் மாட்டுப்பட்டிப் பண்ணையில் வேலை கிடைத்தது. அங்கே மாடுகளைப் பார்க்க வந்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர், பால் பதப்படுத்தும் வேலை கற்றுக்கொள்ள என்னை இங்கே அனுப்பிவைத்தார். கோடையில் நான் மாடு மேய்க்கும் அதே சரிவுகள்தான் குளிர்காலத்தில் பனி மூடிச் சறுக்குப் பாதைகள் ஆகின்றன. பிஸ்தா என்பது இவர்கள் மொழியில் அந்தப் பாதைக்குப் பெயர். எந்த இடத்தில் நிலம் மடிகிறது, எங்கே மாடு கால் வைக்கத் தயங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மாட்டுக்குத் தெரிந்ததும் பட்டை மாட்டிய மனிதனுக்கு வேண்டியதும் வேறு.

பாதைகளுக்கு நிறம் உண்டு. நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. முதல் வருடம் சிவப்புக் கம்பத்தைக் கண்டாலே நான் ஒதுங்கிப் போவேன். ரோட்டுக்குப் பாறை உடைக்க வெடி வைக்கும் இடத்தில்தான் எங்கள் பக்கம் சிவப்புக் கொடி நடுவார்கள். அதைத் தாண்டி ஒரு அடி வைத்தால் கங்காணி கெட்ட வார்த்தையில் திட்டுவார். இங்கே சிவப்பு என்றால் பயப்படத் தேவையில்லை, கவனமாக இரு என்பதுதான். புரூனோ எத்தனை முறை சொன்னாலும் கண் கேட்கவில்லை. மெதுவாகத்தான் பழகியது.

நடுத்தரக்காரர்களுக்குப் பாதை பார்ப்பதுதான் ஆகக் கடினம் என்று புரூனோ சொல்வான். புதிதாக வந்தவர் பயந்து, சொன்னபடி கேட்பார். தேர்ந்தவரைப் பற்றிக் கவலையில்லை. நடுவில் இருப்பவர் வாதம் செய்யும் அளவுக்கு மட்டும் தெரிந்து வைத்திருப்பார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லயத்திலும் ஒட்டாமல் ஆபீசிலும் ஒட்டாமல் நான் நின்ற இடத்துக்கு இத்தனை நாளாகப் பெயர் தெரியாமல் இருந்தது. நடுத்தரக்காரர்களுக்கு வேண்டிய பாதை அகலமாக இருக்க வேண்டும். தடுமாறினால் திருத்திக்கொள்ள இடம் வேண்டும். பாதி வழியில் மூச்சு வாங்க ஒரு சமதளம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போகிற நேரத்தில் அங்கே வெயில் வேண்டும். வெயிலில் வெண்ணெய் மாதிரி இருக்கும் பனி, நிழல் விழுந்ததும் கண்ணாடியாகிவிடும். பலகையில் போட்டிருக்கும் நிறம் சரிவைச் சொல்லும், மணியைச் சொல்லாது.

லூச்சியாவுக்கு முந்தைய வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை. மாதக்கணக்கில் ஊன்றுகோலோடு நடந்தாராம். சறுக்கலாம், ஆனால் அந்தக் காலில் இன்னொரு முறை விழக்கூடாது, விழுந்தால் பழைய நடை திரும்பாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இதைக் காலையில் நாற்காலியில் ஏறும்போது கார்லோதான் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நல்ல மனிதர். மனைவி பழையபடி ஆகிவிட்டார் என்று நம்ப ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

மதியம் வரை குறையில்லை. கணவாயின் உச்சியில் இருந்த குடிசைக் கடையில் சூப் குடித்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எங்கள் பக்கத்துச் சரிவு முழுக்க நீல நிழல். மறுபக்கம் இன்னும் மஞ்சளாக மின்னியது. கார்லோ சிவப்புக் கம்பத்தை நோக்கி நகர்ந்தார். கீழே சறுக்கிக்கொண்டிருந்தவர்களின் பட்டைகள் கரகரவென்று தேங்காய் துருவுகிற மாதிரிச் சத்தமிட்டன. அந்தச் சத்தம் வந்தால் பனி இறுகிவிட்டது என்று அர்த்தம். லூச்சியா முதல் வளைவை எடுத்தார். இரண்டாவதில் அவர் உடம்பு மலைப் பக்கமாகச் சாய்ந்தது. பட்டை விலகியது. கம்பைக் குத்தி எப்படியோ நின்றுவிட்டார்.

அந்தச் சாய்வை எனக்கு நன்றாகத் தெரியும். தேயிலைக் காட்டில் நடக்கப் பழகியவன் எவனும் பள்ளத்துப் பக்கம் உடம்பைக் கொடுக்கமாட்டான். மலையோடு ஒட்டி நில் என்பதைப் பேச்சு வருமுன்பே கால் கற்றுக்கொள்ளும். பனியில் அதற்கு நேர்மாறு. பள்ளத்துக் காலில் முழு எடையையும் வைத்து, விழப்போகிற பக்கமே சாய வேண்டும். அப்போதுதான் பட்டை பனியைப் பிடிக்கும். மலையைக் கட்டிக்கொண்டால் கால் வாரிவிடும். முதல் குளிர்காலம் முழுக்க நான் அப்படித்தான் விழுந்தேன். "மலை உன் அம்மா இல்லை, விடு அதை" என்று புரூனோ கத்துவான். லூச்சியாவுக்கு அது தெரியாததல்ல. பயம் வந்ததும் உடம்பு தன் பழைய புத்திக்குப் போய்விட்டது.

மூவரும் மேலே ஏறி வந்து நின்றோம். எதிர்ப்பக்கம் ஒரு நீலப் பாதை, நெல் காயப்போடும் களம் மாதிரி அகலம், அடிவரைக்கும் வெயில். அதில் போகலாம் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். ஆனால் அது வேறு பள்ளத்தாக்கில் போய் முடியும். நாங்கள் இறங்கிச் சேரும் முன்பே திரும்பி ஏற்றிவரும் நாற்காலியை நிறுத்திவிடுவார்கள். கணவாய்ச் சாலையும் பனியில் மூடிக்கிடந்ததால் மலையைச் சுற்றித்தான் வீட்டுக்கு வர வேண்டும். கார்லோவுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"நாங்க நடுத்தரம். சிவப்பு நடுத்தரத்துக்கு. பலகையிலயே போட்டிருக்கு, அப்புறம் என்ன?" என்றார்.

நான் லூச்சியாவைப் பார்த்துப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அது என் பிழை. கணவர் பக்கத்தில் நிற்கும்போது எந்த ஊரில் எந்தப் பெண் ஆமாம் என்பாள்? இல்லை என்று சொல்லி, கையுறையை இழுத்து விட்டுக்கொண்டார். கார்லோ என் தோளில் தட்டினார்.

"உனக்குத்தான் பயம்போல. வெயில் ஊர்க்காரன், ஐஸக் கண்டா நடுங்குது."

சுற்றி நின்ற நான்கைந்து பேர் சிரித்தார்கள். பதில் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. என் ஊரிலும் தை மாதம் புல் உறைந்து வெள்ளையாகும், ஒரே இரவில் தேயிலை கருகிப்போகும் என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா," என்றேன். "ஓ பவுரா."

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். புரூனோ முதல் நாளே எனக்குக் கற்றுத்தந்த வாக்கியம் அது. அதுவரை ஒருமுறைகூட நான் வாய்திறந்து சொன்னதில்லை.

லூச்சியாதான் சட்டென்று பிடித்துக்கொண்டார். "போவெரினோ," என்றார். பாவம், சின்னப் பையன் என்கிற மாதிரி. "இவனத் தனியா விட்டுட்டுப் போக முடியுமா கார்லோ? அந்தப் பக்கமே போவோம்."

வெயில் பக்கத்துப் பனி பட்டைக்கு அடியில் மெத்தென்று கொடுத்தது. முதலில் நான், எனக்குப் பின்னால் லூச்சியா, கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே கார்லோ. பாதி வழியில் சமதளத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். லூச்சியா பள்ளத்துக் காலில் எடையை வைத்து, தோளைத் தளரவிட்டு, பெரிய பெரிய வளைவுகளாக வந்துகொண்டிருந்தார். நான் நிற்பதைக் கண்டும் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்விட்டார். கீழே போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகள் கம்பியில் அசையாமல் தொங்கின. யாரும் வருத்தப்படவில்லை. ஊர் நடுவில் இருந்த கடையில் காப்பி குடித்தோம். குடித்து முடித்ததும் அங்கேயே ஒரு டாக்ஸி பிடித்தோம்.

டாக்ஸியில் லூச்சியா முன் சீட்டிலிருந்து திரும்பி, நிஜமாகவே பயந்தாயா என்று கேட்டார். பாதி என்றேன். மற்றப் பாதி யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியில் தலையைச் சாய்த்தபோதுதான் போடிமெட்டு ஞாபகம் வந்தது. அக்கா ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, அம்மா, அக்கா வீட்டுக்காரர், நான் என்று எல்லோருமாக அவளைப் போடி ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கிளம்பினோம். மெட்டுக்கு வந்து சேர்வதற்குள் கடைசி பஸ் இறங்கிப் போய்விட்டது. அக்கா வீட்டுக்காரர் மறுநாள் காலை வேலைக்குப் போயாக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கும் ஒத்தையடிப் பாதையைக் காட்டி, "எறக்கந்தான அத்த, பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம்" என்றார். முதல் நாள் மழை. பாதை வழுக்கிக் கிடந்தது. அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். "ஏறச் சொல்லுங்க மாப்ள, ஏறிருவேன். எறங்க ஆகாது. முட்டி தெறிக்குது."

"பொழுதன்னைக்கும் கொழுந்தெடுக்கற காலுக்கா முட்டி வலி?" என்று மச்சான் சிரித்தார். அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். ராத்தங்கல் சாயாக்கடை பெஞ்சில். விடிந்ததும் முதல் பஸ். கேரளச் செக்போஸ்ட்டைத் தாண்டி வண்டி இறங்கத் தொடங்கியதும், அக்கா என் காதோடு சொன்னாள், "அம்மாவுக்கு முட்டியுமில்ல வலியுமில்ல. வலிச்சது எனக்குடா." அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்குப் பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மலையைச் சுற்றிவரும் சாலையிலிருந்து, நான் வசிக்கும் மலையைப் பின்பக்கமாக அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய மலை போல நின்றது. போடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எங்கள் ஏலமலையும் அப்படித்தான் இருக்கும். அங்கே இறங்கினால் எங்களை மலைக்காரங்க என்பார்கள். மேலே இருந்தால் மலையாளிகள் பாண்டிக்காரன் என்பார்கள். இங்கே வெயில் ஊர்க்காரன். எந்தப் பக்கம் இறங்கினாலும் மறுபக்கத்து ஆள்தான் நான். அன்றைக்கு அதுவும் ஒரு விதத்தில் உதவியது. இரண்டு பக்கமும் வழி உண்டு என்பது எனக்கு மறக்கவில்லை.

வீட்டு வாசலில் டாக்ஸி நின்றது. சரிவிலிருந்து வரவேண்டியவர்கள் சாலை வழியாக வருவதை, புரூனோ போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலில் நின்று வாய் பிளந்து பார்த்தான். லூச்சியா கதவைத் திறந்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். படியில் ஏறி, பூட்ஸில் ஒட்டிய பனியை உதற இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஓங்கித் தட்டினார். கார்லோ பர்ஸைத் திறந்தவர் அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்தார். இறங்கினால் என்ன கொடுப்பார்கள் என்று கேட்ட அம்மாவுக்கு எழுத இப்போது ஒரு கணக்கு இருந்தது. டாக்ஸிக்கு அவர் கொடுத்தது இருபத்திரண்டாயிரம் லீரா. காப்பிக்கு நான் கொடுத்தது அறுநூறு.