சம்பந்தி வீட்டுக் கருங்காலி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருடைய வீட்டுக் கதவை அப்பா தட்டியிருக்கிறார். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அல்ல, கதவு என்ன மரம் என்று தெரிந்துகொள்ள. திறந்தவர்கள் "வாங்க" என்றால், "இருங்க, இன்னொரு தட்டு தட்டிக்கிறேன்" என்பார். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. யாராவது கதவைத் தட்டினால் அம்மா இன்னும் உடனே எழுந்து போவதில்லை.

அப்பா பிறந்தது குறிஞ்சிப்பாடியில். தாத்தாவுக்கு அங்கே விறகுக்கடை. நேரான கட்டைகளை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டுக் கோணல் கட்டைகளையே விற்று அப்பா அடி வாங்கியதாக அத்தை சொல்வார். தாத்தா சீக்கிரம் காலமாகிவிட, கடையையும் தங்கைகளையும் பார்த்துக்கொண்டே படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் வரைவாளராகச் சேர்ந்தார். தங்கைகளைக் கரையேற்றிய பிறகே தாம் மணம் செய்துகொண்டார். கடலூர் செம்மண்டலத்தில் வீடு கட்டினார். பணிக்காலம் முழுவதும் நேர்கோடு போட்டவருக்குக் கோணலைக் கண்டால் தலைவலி வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே தைலம் தடவிக்கொள்வார்.

2004இல் ஓய்வு பெற்றார். அந்த ஐப்பசியில் அவர் மழைக்கு ஒதுங்கிய இடம் ஸ்னூக்கர் ஆடும் கூடமாக அமைந்தது எங்கள் குடும்பத்தின் தலையெழுத்து. ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. ஆடுகிறவர்கள் பந்தைத் தள்ளக் கையில் வைத்திருந்த ஸ்டிக்கைப் பார்த்தார். கடல்காற்றின் ஈரத்தில் ஒன்றுகூட நேராக இல்லை. வீட்டுக்கு வந்து தைலம் தடவிக்கொண்டு, "நானே செஞ்சி பாக்கப் போறேன்" என்றார்.

ஸ்டிக்கின் மேல்பாதிக்கு ஆஷ் என்னும் வெளிநாட்டு மரம். சென்னையிலிருந்து பலகை வரவழைப்பார். மரத்தின் ரேகை நுனியிலிருந்து அடிவரை விலகாமல் ஓட வேண்டும். காதருகே வைத்துத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் மிச்சம். பத்துப் பலகையில் இரண்டு தேறினால் அன்று வீட்டில் பாயசம். தேறியவை ஓராண்டு நின்றபடி தூங்க வேண்டுமாம். தூங்கியது அம்மாவின் பீரோவில். அம்மாவின் புடவைகள் அந்த ஓராண்டும் அட்டைப்பெட்டியில் தூங்கின. இவ்வளவு செய்தவருக்கு ஆட மட்டும் வரவில்லை. அவர் அடித்தால் வெள்ளைப் பந்து மேசையை விட்டிறங்கி வாசலுக்குப் போய்விடும்.

கைப்பிடிக்குக் கருங்காலிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அதுவும் பழசாக, நன்றாக வற்றியதாக. கடலூர் மரக்கடைகளைச் சலித்தும் கிடைத்தது ஒரே ஒரு துண்டு, அதுவும் செதுக்கி முடித்ததும் விரிசல் விட்டது. இந்தச் சமயத்தில்தான், 2007இல், சிதம்பரத்திலிருந்து எனக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்று வரன் தட்டிப்போன பிறகு எனக்குப் பிடித்துப்போன முதல் மனிதர் அவர். அடுத்த ஞாயிறு அப்பாவும் அம்மாவும் அவர்கள் வீட்டில் கை நனைக்கப் போனார்கள். கேசரி வைக்கப்பட்டது. கை கழுவப் பின்பக்கம் போன அப்பா, முகமெல்லாம் மலரத் திரும்பி வந்து அம்மாவின் காதில் சொன்னார். அப்பா காதில் சொல்வது நான்கு வீட்டுக்குக் கேட்கும்.

"நாம தேடிகிட்டிருந்த கருங்காலி இந்த வூட்லதான் இருக்குது. சும்மா ஓரமா சாத்தி வச்சிருக்காங்க. வயசு ஜாஸ்தி. பாக்க நேராத்தான் இருக்குது, உள்ள எப்பிடின்னு அறுத்துப் பாத்தாதான் தெரியும்."

அவர் சொன்னது பின்கட்டில் சாத்தியிருந்த உலக்கையை. ஆனால் கூடத்தின் ஓரத்தில், சாய்வு நாற்காலியில், வயதான ஒருவர் சாய்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தந்தை, பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்து, "கெளம்புங்க" என்றார். வேறு மரம் ஏதோ காட்டக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அப்பா உற்சாகமாக எழுந்து பின்னாலேயே போனார். வாசல் வந்துவிட்டது.

என் கணவரும் நானும் பேசிய முதல் தொலைபேசிப் பேச்சு இதுதான்: "உங்கப்பா எங்கப்பாவ ஏன் கருங்காலின்னு சொன்னாரு?"

ஒரு காலத்தில் ஓட்டுநர்கள் எல்லாரும் வேலைநிறுத்தம் செய்த நாளில் மாமனார் மட்டும் வண்டி எடுத்தாராம். அன்றிலிருந்து உடன் வேலை பார்த்தவர்கள் அவரைக் கூப்பிட்டது அந்தப் பெயரால்தான். நான் இதைச் சொன்னதும் அப்பா, "நான் உலக்கையத்தான சொன்னேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றிரவு முழுவதும் அவரோடு பேசவில்லை. என் கல்யாணத்தையும் தட்டிப் பார்த்தே கெடுத்துவிட்டாரே என்று அழுதேன்.

மறுநாள் காலை அப்பா தனியாகச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார், கையில் நீளமான துணிப்பையோடு. முந்தின நாள் விரட்டப்பட்டவர் கழி மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு வருவதைப் பார்த்து அந்தத் தெருவே கூடிவிட்டது. அப்பா வாசலில் உட்கார்ந்து பையைப் பிரித்து, விரிசல் விட்ட அந்தப் பிடி பொருத்திய ஸ்டிக்கை எடுத்து நீட்டினார்.

"இதாங்க கருங்காலி. புடிச்சிப் பாருங்க. மத்த மரமெல்லாம் எங்க ஊர் உப்புக்காத்துக்கு வளையும். இது ஒடஞ்சாலும் வளையாது. ஒங்கள இந்தப் பேரு சொல்ற அளவுக்கு எனக்கு ஒங்களத் தெரியாதுங்க."

மாமனார் அதைக் கையில் வாங்கி விரிசலை விரலால் தடவினார். பிறகு சொன்னார். "அன்னிக்கு எஞ் சம்சாரத்துக்குக் குமராட்சில அவ அம்மா வூட்ல புள்ள வலி எடுத்துடுச்சி. வேற வண்டியில்ல. பஸ்ஸ எடுத்துகினு போனேன். திரும்பி வரச்சே வழியில கை காட்டுனவுங்கள வுட்டுட்டு வர மனசு வரல. பஸ்ஸு ரொம்பிப்போச்சி. யாரும் ஏன்னு கேக்கல, நானும் சொல்லல."

அன்று பிறந்தவர்தான் என் கணவர். இதை அவரே அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். மாமனார் உள்ளே போய் உலக்கையைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தார். அப்பா தட்டிப் பார்த்தார். கணீரென்றது. அதற்குப் பிறகு கேசரி சாப்பிட்டார்கள்.

அந்த உலக்கையில் அப்பா ஒரே ஒரு ஸ்டிக் செய்தார். அதைச் சம்பந்திக்கே கொடுத்துவிட்டார். மாமனார் அதைக்கொண்டு இன்றுவரை ஒரு பந்தைத் தொட்டதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து, "இது கருங்காலி, வளையாது" என்பார்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து சிதம்பரத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். கட்டிலைத் தட்டிப் பார்த்து, "இரும்பு" என்று முகத்தைச் சுளித்தார். நான்காம் நாள் போய்விட்டார். செம்மண்டலத்து வீட்டு வாசலில் பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கியதும் மாமனார் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒன்றைத் தள்ளி வைத்தார். "இது கோணல். மாத்திக் குடுங்கப்பா. சம்பந்திக்குத் தல வலிக்கும்." அதுவரை அழாத அம்மா அப்போதுதான் அழுதார்.

அப்பாவின் தட்டல்களைப் பொறுத்துக்கொண்ட மரக்கடைக்காரர்களுக்கும், கதவுகளின் சொந்தக்காரர்களுக்கும், வெள்ளைப் பந்தைத் தேடி எடுத்துத் தந்த ஸ்னூக்கர் நண்பர்களுக்கும், கடைசி நான்கு நாளும் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான்கு நாளும் வீட்டுக்கே போகாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர் என் மாமனார். "உங்க பேர எப்படிப் போடட்டும் மாமா, ஓட்டுநர், ஓய்வுன்னு போடட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கருங்காலின்னே போடும்மா" என்றார். "அந்தப் பேர மரியாதையா சொன்னவரு அவுரு ஒருத்தருதான்."

போட்டுவிட்டேன். கருங்காலி மாமாவுக்கு எங்கள் நன்றி.