ஐந்தாவது முறை

எடைக்குப் போட எடுத்த பழைய கம்ப்யூட்டரின் தூசி வாசனையில், திண்டிவனம் வீட்டில் அக்காவும் நானும் அதன் முன்னே முண்டியடித்து உட்கார்ந்த மதியங்கள் திரும்பி வந்தன. பாரிஸிலிருந்து அத்தை அனுப்பும் டிவிடி ஓட, கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் நாட்டைப் பிரான்சுக்கு மாற்ற வேண்டும்; எந்த நாட்டு டிவிடியோ அந்த நாட்டில் வைத்தால்தான் ஓடும். நம் ஊர் டிவிடிக்கு மறுபடி இந்தியாவுக்கு. ஐந்து முறைதான் மாற்றலாம், அதோடு கடைசியாக வைத்த நாட்டிலேயே பூட்டிக்கொள்ளும் என்று ஒவ்வொரு தடவையும் அது எச்சரிக்கும். ஐந்தாவது முறை, காலை ஆட்டிக்கொண்டே, அக்கா பிரான்சை அழுத்திவிட்டாள்.

"இனிமே நம்ம படம் ஓடாதுக்கா."

"ஓடாட்டி போவுது. எவ்ளோ நாளு இங்கியே இருந்துக்கினு இதையே பாத்துக்கினு இருக்கறது?"

இப்போது அவளும் பிரான்சில்தான் இருக்கிறாள். ஊருக்கு வா என்று நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன். ஐந்தாவது முறை கூப்பிடப் பயமாக இருக்கிறது.