அண்ணியின் இடது புருவம்

எங்கள் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, கூட இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். புதுத்துணி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "உனக்கு எடுபடலை" என்று நடுத்தெருவில் வைத்தே சொல்லிவிடுவாள். நானும் நாத்தனார் இல்லையா, பதிலுக்கு நாலு கேட்காமல் விடமாட்டேன்.

அண்ணி நெசவாலையில் நர்ஸ். அண்ணன் அங்கேயே தறி ஓட்டுகிறான். நான் துணி மடிக்கும் பிரிவு. தறிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும் சத்தத்தில் தறிக்கூடத்துக்காரர்கள் காதை நம்புவதே இல்லை. உதட்டைப் பார்த்தே ஊர்வம்பெல்லாம் பேசி முடித்துவிடுவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்குக் காதுப் பரிசோதனை உண்டு. மருந்தறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அண்ணிக்கு எதிரே உட்கார வேண்டும். அவள் பொத்தானை அமுக்குவாள். உள்ளே மெல்லிய சத்தம் கேட்டதும் விரலைத் தூக்க வேண்டும். வருடா வருடம் அத்தனை பேரும் பாஸ். மேனேஜர் அந்த அறிக்கையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். சத்தம் குறைந்த தறி வாங்குங்கள், காதுக்கு உறையாவது கொடுங்கள் என்று சுகாதாரத் துறை கடிதம் போட்டால், "எங்க ஆளுங்களுக்குப் பாம்புக் காது சார்" என்று ஒரு நகலை அனுப்பிவிடுவார். செலவு மிச்சம்.

விஷயம் என்னவென்றால், பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அண்ணியின் இடது புருவம் லேசாக மேலே ஏறும். அது அவளுக்குத் தெரியாது. ஆலை முழுக்கத் தெரியும். காது மந்தமானால் குறைந்த கூலிக்குக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், எல்லோரும் புருவத்தைப் பார்த்தே விரலைத் தூக்கினார்கள். எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. அண்ணனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

வீட்டில் அண்ணி அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள், அவன் திரும்பமாட்டான். "தெருவுக்கே கேக்குது, உங்க அண்ணனுக்கு மட்டும் கேக்காது. பொண்டாட்டின்னா அவ்வளவு இளக்காரம்!" என்று என்னிடம் பொருமுவாள். ஒருநாள் கரண்டிகூடப் பறந்தது.

இந்த வருடம் மருந்தறைக்கு வெள்ளையடித்தார்கள். சாமான்களை ஒதுக்கியதில் இடம் மாறிப்போய், வந்தவர்கள் அண்ணிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார முடிந்தது. முதல் ஆள் விரலைத் தூக்கவே இல்லை. இரண்டாவது ஆள் குத்துமதிப்பாகத் தூக்கிக்கொண்டே இருந்தான். கருவி கெட்டுவிட்டதோ என்று அண்ணி தன் காதில் மாட்டிப் பார்த்தாள். அது நன்றாகவே வேலை செய்தது. ஐந்தாவதாக வந்தவன் அண்ணன். சத்தத்தைக் கூட்டிக்கூட்டிக் கடைசி எண் வரைக்கும் போனாள். அவன் சுவரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான்.

சேதி கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். "இதுக்குப் போய் ஏன் நர்ஸம்மா கலங்கறீங்க? நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போடுங்க, சரியாயிடும்" என்றார். அவருக்கும் புருவம் தெரிந்திருக்கிறது, பாருங்களேன்! தன் முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருடமும் எல்லோரும் விரலைத் தூக்கினார்கள் என்று அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஆறேழு வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எவ்வளவு திட்டியிருக்கேன்!"

"சொன்னா மறுநாளே எழுதிடுவ. உனக்கு மறைக்கத் தெரியாது. திமிர் பிடிச்சவன்னு திட்டு வாங்கறதே மேல்னு விட்டுட்டேன்" என்றான். பிறகு, "அதுலயும் பாதிதான் காதுல விழுந்துச்சு" என்றான்.

அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் விசும்ப ஆரம்பித்தாள்.

மறுநாளிலிருந்து நாற்காலி திரும்பியபடியே இருந்தது. நூற்றைம்பது பேரில் நூற்றுப் பத்துப் பேருக்குக் காது பழுது. பட்டியலில் அண்ணி முதலில் எழுதியது அண்ணன் பெயரைத்தான்.

"உங்க வீட்டுக்காரர் பேரையாவது விட்டுடுங்களேன். கூலி குறையுமே" என்றார் மேனேஜர்.

"அவரை விட்டுட்டு மத்தவங்க பேரை எழுத எனக்கு என்ன சார் யோக்கியதை இருக்கு?" என்றாள். பட்டியலைச் சுகாதாரத் துறைக்குத் தன் கையாலேயே தபாலில் சேர்த்தாள்.

ஒரு வாரம் ஆலையில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நூற்றுப் பத்துப் பேரையும் கிடங்குக்கு அனுப்பினால் தறியை மேனேஜர்தான் ஓட்ட வேண்டும் என்பது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த மாதமே காதுக்கு உறையும் வந்தது. ஆனால் மேனேஜர் தன் கடுப்பை யார் மேலாவது காட்ட வேண்டுமே. அண்ணனை மட்டும் கிடங்குக்கு மாற்றினார்.

அவன் காது போனது போனதுதான், டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது அண்ணி அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அடுப்பை அணைத்துவிட்டு, எழுந்து போய், அவன் முகத்துக்கு நேராக நிற்கிறாள். திட்டத்தான் போவாள். போய் நின்றதும், வந்த விஷயம் மறந்துபோய் அப்படியே நிற்பாள். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருப்பான்.