பூட்டிய அறையிலிருந்து ‘ம்’

இதை என் நாவல்களில் ஒன்றாக நினைக்காதீர்கள். நடந்தது. பெரியமடுப் பக்கம், பட்டப்பகலில், எனக்கு.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வழக்குகளுக்காக வாக்குமூலங்களும் பதிவு செய்கிறேன். அங்கே கேட்பவைதான் பிறகு கதைகளாகின்றன. அன்று பூமணி அம்மாவின் வீட்டில் இருந்தேன். அவருடைய மகன் கபிலனைப் போர்க்காலத்தில் விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். மரணச் சான்றிதழ் வாங்கச் சொல்லி அரசாங்கக் கந்தோரில் நெருக்குகிறார்கள். அம்மா மறுக்கிறார்.

“செத்திருந்தால் ஆவியா என்னட்டை ஒருக்கா எண்டாலும் வந்திருப்பான், பிள்ளை. வரேல்லை. அப்ப இருக்கிறான்தானே?” என்றவர் சிரித்தார். “உங்கட கதையிலை அவனுக்குக் கலியாணம் கட்டி வையுங்கோ. வடிவான பொம்பிளையாப் பாருங்கோ.”

போனைக் கதிரையில் வைத்துப் பதிவைத் தொடங்கினேன். பதிவின்போது நான் வாய் திறப்பதில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன். சாட்சியத்தில் என் குரல் கலக்கக்கூடாது.

“சின்னனிலை கதை கேக்காமல் படுக்கமாட்டான். நான் சொல்லச் சொல்ல ம் கொட்டுவான்.”

“ம்.”

உள்ளறையிலிருந்து ஆண்குரல். மருமகனாக்கும் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் காது மந்தம். அவர் நிறுத்தவில்லை.

“அண்டைக்கு நீலச் சாரம் உடுத்திருந்தவன்.”

“ம்.”

இப்போது வாசற்படியில்.

“தேத்தண்ணியை மூடி வையுங்கோ, வந்து குடிக்கிறன் எண்டவன்...”

“ம்...”

என் கழுத்துக்குப் பின்னால்.

திரும்பினேன். சுவர்.

பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. கேட்டுக் கேட்டு உள்ளே எல்லாம் மரத்திருந்தது.

தலையை ஆட்டினேன்.

புறப்படும்போது மகள் தக்சிகா வயலிலிருந்து வந்தாள்.

“உள்ளை படுத்திருக்கிறது உங்கட அவரோ?”

“அவர் கட்டாரிலை வேலை, அக்கா. அது அண்ணாட அறை. பூட்டித்தான் கிடக்கு.”

மன்னாருக்குத் திரும்பிப் பதிவைக் கேட்டேன். அம்மாவின் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் ‘ம்’ இருந்தது.

கடைசி வசனம்: “அவன் உயிரோடைதான் இருக்கிறான்.”

காத்திருந்தேன்.

கோழி கொக்கரித்தது. காற்று...

அங்கே மட்டும் ‘ம்’ இல்லை.

கபிலனை வைத்து நான் எழுதிவரும் நாவலின் கடைசி அத்தியாயத்தில் மகன் வீடு திரும்புவதாக இருந்தது. அதை இன்னும் எழுதவில்லை.

நேற்று பூமணி அம்மா எனக்குப் போன் எடுத்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“அண்டைக்குப் பதிஞ்சதை அனுப்புங்கோ, பிள்ளை. தக்சி காதுக்கு மெசின் வாங்கித் தந்திருக்கிறாள். இப்ப எல்லாம் வடிவாக் கேக்குது.”