முறத்தைப் பிடித்திருக்கும் நான்கு விரல்கள்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் பாலிஷ் போடும் ரைஸ் மில்லை முதலில் கொண்டுவந்தவன் நான். கல்யாண மண்டபம் நான் கட்டியது. லாரிகள் உண்டு, முந்திரித் தோப்பு உண்டு. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு மூட்டை தூக்கப் போனவன். லோன் கேட்டுப் போன அன்று பேங்க் மேனேஜர் என்னை நிற்க வைத்தே பேசினார். மில் திறப்புக்கு அவரே வந்து, நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுப் போனார். இப்போது இதையும் என் கையால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மகள் பார்த்துக்கொள்வாள். இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனைக்கும் சாட்சியாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதிலிருந்து என்னை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

மில் திறந்த அன்று எடுத்த படம் அது. முதல் அரிசி கூடப் பிறந்தவளுக்கு என்பது எங்கள் வழக்கம். மாலை போட்ட மெஷினுக்கு முன்னால் நானும் அக்காவும் நிற்கிறோம். நடுவில் ஒரு முறம். ஒரு பக்கம் அவள் பிடித்திருக்கிறாள், மறுபக்கம் நான். முறம் நிறைய அரிசி, மல்லிகை மொட்டு மாதிரி. போட்டோக்காரர் “இங்கிட்டுப் பாருங்கம்மா” என்று கத்திக்கொண்டே இருந்தார். அவள் அரிசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தம்பி, அம்புட்டும் எனக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அப்பா செத்தபின் எங்களுக்கு மிஞ்சியது குத்தகைக்கு எடுத்த ஒரு மானாவாரிக் கொல்லை. அதில் வரகு. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வரகுக்குக் கிறுக்கு ஏறிவிடும். தின்றால் தலை சுற்றும், கை கால் உதறும், வாந்தி எடுத்தே ஆள் மடங்கிவிடும். வசதி உள்ளவர்கள் குதிரில் பழைய வரகு வைத்திருப்பார்கள், நனைந்ததைத் தொடமாட்டார்கள். எங்களுக்குப் பழையது ஏது? அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விடுவாள். அக்காதான் நனைந்த வரகை வறுத்து, குத்தி, பொங்கி, முதலில் தான் ஒரு கை தின்பாள். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “பொறுடா தம்பி, எனக்குச் சுத்துதான்னு பாப்போம்” என்பாள். சுற்றாவிட்டால் எனக்கு. ஒருநாள் சுற்றிவிட்டது. கண் மேலே செருகி, பல் கிட்டி, மண்தரையில் கிடந்தாள். அவளைப் பார்த்து அழுதேனா, சட்டியைப் பார்த்து அழுதேனா என்றால், இரண்டையும் பார்த்துத்தான் அழுதேன். பிழைத்து எழுந்தவள் மறுநாளும் அதே வரகைத்தான் வறுத்தாள்.

மில் வந்தபின் அவள் வீட்டில் அரிசி இல்லாமல் போக நான் விட்டதில்லை. மூன்று வேளையும் சோறுதான். இட்லியைக்கூடப் பலகாரம் என்று ஒதுக்கிவிடுவாள். வரகு, சாமை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். பிறகு சர்க்கரை வந்தது. கண் மங்கியது. காலில் ஒரு கொப்புளம் வந்து ஆறவே இல்லை. தஞ்சாவூரில் காட்டினோம். “சோத்தைக் கொறைங்கம்மா. நம்ம முன்னோரு மாதிரி வரகு, சாமைன்னு சாப்பிடுங்க” என்றார் டாக்டர்.

“பட்டினி கெடந்தப்ப இதைத் திங்காதன்னு சொல்ல ஒருத்தரும் வரல. இப்பச் சோத்தைக் கண்டவொடனே எல்லாரும் வாரீங்க” என்றாள் அக்கா.

நானும் சொல்லிப் பார்த்தேன். “நீயாடா சொல்லுற?” என்றாள். விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் நினைவோடு கடைசியாகக் கேட்டது, “சோறு வடிச்சாச்சா?” என்றுதான்.

அவள் மகன் துபாயிலிருந்து திரும்பி, புதுக்கோட்டை ரோட்டில் சிறுதானிய ஓட்டல் திறந்திருக்கிறான். ‘முன்னோர் உணவு’ என்று போர்டு. அதில் ஆளுயரத்துக்கு அக்கா படம். அந்த மில் போட்டோவிலிருந்து அவளை மட்டும் எடுத்து, மெஷின் இருந்த இடத்தில் பச்சைக் கொல்லையை வைத்து, முறத்து அரிசியைக் கம்ப்யூட்டரில் வரகாக்கிவிட்டான். கீழே, ‘எங்கம்மா சாப்பிட்டு வளர்ந்தது’ என்று எழுத்து.

“என்ன மாப்புள இது? ஒங்கம்மா வரகுன்னா காறித் துப்புவாளேடா!”

“வளந்தது அதுலதானே மாமா?”

“வளரல. செத்துச் செத்துப் பொழச்சா.”

“அதைப் போர்டுல போட்டா எவன் மாமா உள்ள வருவான்? மெஷினும் நீங்களும் நின்னா ரைஸ் மில் வெளம்பரமாட்டம்ல இருக்கு. உக்காருங்க, வரகுப் பொங்கல் தரச் சொல்றேன்.”

உட்கார்ந்தேன். நெய் மிதந்தது, முந்திரி கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது. இப்படி ஒரு தட்டு வரகை அந்த நாளில் அக்கா கண்ணால் கண்டதில்லை.

வரகை நான் பழிக்கவில்லை. எனக்கும் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையோடு வரகுக் கஞ்சிதான் குடிக்கிறேன். உடம்பு அசையாமல் உட்கார்ந்திருப்பவன் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு தின்றால் கேடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்னோர் தின்றதைப் பேசுகிறவர்கள், அவர்கள் தின்ன ஒன்றுமில்லாமல் கிடந்ததையும் சேர்த்துப் பேச வேண்டும். குதிரில் நெல் வைத்திருந்தவர்கள் மட்டுமா முன்னோர்? என் அக்காவும்தான்.

வெளியே வந்து போர்டை மறுபடி பார்த்தேன். படத்தை வெட்டியவன் ஒன்றை விட்டுவிட்டான். முறத்தின் மறுபக்க விளிம்பில் நான்கு விரல்கள் தெரிகின்றன. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். ஆள் இல்லை, விரல் மட்டும். மருமகனுக்குச் சொல்கிறேன், இதைப் படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். என் அக்காவைக் கொன்றது வெள்ளை அரிசி என்றால், அது என் மில் அரிசி. தாராளமாக எழுதுங்கள். மில் திறந்த நாளிலிருந்து அவள் ஒருபோதும் பசியோடு படுக்கவில்லை. அதுவும் என் மில் அரிசியால்தான். அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த விரல்களுக்குக் கீழே என் பேரைப் போடுங்கள்.