சீன மருந்துக்கடையில் வாய்வு

சீன மருந்துக்கடையில் வேரும் பட்டையும் நிறுத்துக் கட்டுவது லேசு. வருகிற சனத்தின் வருத்தத்தை இன்னொரு மொழியில் சொல்வதுதான் பெரும்பாடு. வயது போனபிறகு பிரெஞ்சு பழகி, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று கதைக்கிற உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போனபிறகு, பிரெஞ்சு பேசுகிற எங்கள் புரோசார்ட் ஊரில் மதாம் லின்னின் கடையில் சேர்ந்தேன். எனக்கும் அரைகுறைப் பிரெஞ்சு, அவவுக்கும் அரைகுறை. நான் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் ஒருவருக்குப் பிழையான மருந்து போய்விடும். அந்தப் பயத்தில் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லாமல் கடைக்குள் கால் வைக்கமாட்டேன்.

படத்தில் இருக்கிறவர்

கல்லாவுக்கு மேலே தாடி வைத்த ஒரு பெரியவரின் படம் இருக்கிறது. சாங் சொங்ஜிங் என்று பெயர். ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முந்திய வைத்தியர். குளிராலும் காற்றாலும் வரும் காய்ச்சலுக்கு அவர் வகுத்த வழியில்தான் சீன வைத்தியர் இன்றைக்கும் போகிறார்களாம். கறுவாக் குச்சி, இஞ்சி, அதிமதுரம், இலந்தைப்பழம் எல்லாம் போட்ட அவருடைய கசாயம் பனிக்காலம் முழுக்க எங்களிடம் போகும். அதைக் குடித்தபின் சுடச்சுடக் கஞ்சியும் குடித்து, போர்த்துக்கொண்டு படுக்கவேண்டும்.

இதை மருந்து வாங்க வந்த ஒரு அண்ணைக்குச் சொன்னேன். அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "கஞ்சி குடிக்கச் சொல்லுற டொக்டர் நல்ல டொக்டர்தான். வாற கிழமை அவரிட்டை ஒரு அப்பொயின்ற்மென்ற் எடுத்துத் தாங்கோ தங்கச்சி."

தடிமன்

சென்னைப் பிள்ளை ஒன்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தது. "தடிமனோ பிள்ளை?" என்று ஆசையாகத்தான் கேட்டேன். முகம் கறுத்துவிட்டது. எங்களுக்குச் சளி பிடித்தால் தடிமன், அவர்களுக்கு உடம்பு பருத்தால் தடிமன் என்று எனக்கு யார் சொன்னது?

"ஆன்ட்டி, சளிக்கு மருந்து கேட்டா குடுங்க. நான் ஏற்கெனவே டயட்லதான் இருக்கேன்!"

வாய்வு

எங்கள் கோயிலுக்கு வருகிற பிலோமினா அக்கா ஒருநாள் அவசரமாக வந்தா. "அவருக்குத் தடிமன். இப்ப வேர்த்துக் கொட்டுது, வாய்வும் பிடிச்சிருக்கு. அந்தக் கறுவாக் கசாயத்தைக் கட்டித் தா." வாய்வுக்குப் பிரெஞ்சில் என்ன? காற்று என்று சொல்லிவிட்டேன். மதாம் தலையாட்டினா. காற்றுப் பட்டு வேர்த்தால் கறுவா, வேர்க்காவிட்டால் வேறு மருந்து. அதுதான் அந்தப் பழைய வைத்தியரின் கணக்கு. கறுவா இருக்கிற மேசை லாச்சியை இழுத்துவிட்டா.

எனக்கு மனம் கேட்கவில்லை. "அக்கா, வாய்வு எங்கை?" என்றேன். "நெஞ்சுக்கை அடைக்குதாம். இடக்கைக்கும் இழுக்குதாம்." நான் என் நெஞ்சிலும் கையிலும் தொட்டுக் காட்டினேன். மதாம் லாச்சியை அடித்துச் சாத்திவிட்டு டெலிபோனை என் கையில் திணித்தா. அம்புலன்ஸ் அவர்கள் வீட்டுக்குப் போகும்வரை, மாதாவே, மாதாவே என்றபடி நின்றேன்.

பிந்தவில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அக்காவின் மனிசன் சாய்ந்திருந்து சிரித்தார். "மாரடைப்பாம், இரத்தக் குழாய்க்கை கம்பி வைச்சிட்டாங்கள் தங்கச்சி. இவ இன்னும் ஆக்களுக்கு வாய்வெண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறா."

எந்த நாட்டு வைத்தியமென்றாலும் இருக்கட்டும், எங்கள் சனத்துக்கு மருந்து கட்ட முன்னம், விரலை வைத்து நோகிற இடத்தைக் காட்டச் சொல்லவேண்டும்.