மூன்று சுவர் வீடு

என் தங்கச்சி புருஷன் நாடக மேடைக்கு செட் போடுகிறவர். துணியையும் மரச்சட்டத்தையும் வைத்து அரை நாளில் அரண்மனை எழுப்பிவிடுவார். சட்டமெல்லாம் என் மரக்கடைச் சரக்கு. பலகை சுமக்க வந்து அந்தக் கடைக்கே முதலாளி ஆனவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனாலும் மாப்பிள்ளையின் கதையை எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது.

அவர் சொந்த வீடு கட்டியபோது மூன்று சுவர்தான் வைத்தார். தெருப்பக்கம் திறந்தே கிடந்தது.

"மாப்பிள்ளை, முன்சுவர் எங்க?"

"அங்க சுவர் வச்சா எப்படி மச்சான் பாப்பாங்க?"

அவர் கிண்டல் செய்யவில்லை. தலை நரைக்கும்வரை மேடை போட்ட மனிதருக்கு வேறு மாதிரி வீடு கட்ட வரவில்லை, அவ்வளவுதான். பக்கச் சுவர் இரண்டும் முன்னால் விரிந்து நின்றன. ஓரத்தில் நிற்பவனுக்கும் உள்ளே தெரிய வேண்டுமாம். பீரோ பின்னால், முக்காலி முன்னால், நாற்காலி எல்லாம் தெருவைப் பார்த்து. தரையையும் மேடை மாதிரி முன்பக்கமாகச் சரித்திருந்தார். தங்கச்சி கைதவறி விட்ட வெங்காயம் தெருவில் போய்த்தான் நிற்கும். எதிர்க்கடைத் தையல்காரர் எடுத்துக் கொடுப்பார்.

சாயங்காலமானால் தெருவே ஸ்டூலோடு வந்து உட்கார்ந்துவிடும். தங்கச்சி புருஷனைத் திட்டினால், "அக்கா, கொஞ்சம் சத்தமா திட்டுங்க, பின்னாடி கேக்கல" என்பார் தையல்காரர்.

ஒருநாள் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நேத்து தும்முனேன். கைதட்டுறாங்க. சுவர் வரலன்னா உன் வீட்டோட வந்துடுவேன். அப்புறம் திரும்பிப் போகமாட்டேன்."

பெட்டியை முன்னாலேயே கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள்.

செங்கல் நானே இறக்கித் தருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். "பாக்குறவங்களை மறைக்கச் சொல்றீங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மேடையில் எந்த நடிகனாவது ஜனங்களுக்கு முதுகு காட்டினால் மாப்பிள்ளை ஓரத்தில் நின்று பல்லைக் கடிப்பார். படித்தவன் மண்டையில் இது உதித்திருக்குமா?

"போம்மா. போய் உன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காரு" என்றேன் தங்கச்சியிடம்.

அன்று சாயங்காலம் அவள் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காய் நறுக்கினாள்.

"ஏய், முதுகு தெரியுது" என்றார் மாப்பிள்ளை, உதடு அசையாமல்.

"தெரியட்டுங்க."

கூடப் போயிருந்த நானும் என் நாற்காலியைத் திருப்பினேன். அவர் விளக்கை நகர்த்தினார், பீரோவைத் தள்ளினார், ஒன்றும் சரிவரவில்லை. தையல்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இன்னிக்கு விறுவிறுப்பு இல்ல."

மாப்பிள்ளை தலையில் கைவைத்தார். "மச்சான், இந்தக் கண்றாவிக்குச் சுவரே தேவலை. செங்கல்லை இறக்குங்க."

சுவர் எழும்பியது. பெட்டி திரும்பிப் போனது. இப்போது என் தங்கச்சி உள்ளே நிம்மதியாகத் தும்முகிறாள்.

வெளிப்பக்கம் மட்டும் மாப்பிள்ளை விடவில்லை. சுவர் முழுக்க அதே கூடத்தை வரைந்துவிட்டார்: பீரோ, முக்காலி, தெருவைப் பார்த்து உட்கார்ந்த மூன்று பேர். தையல்காரர் இன்றும் ஸ்டூல் போட்டுப் பார்க்கிறார். முன்னைக்கு இப்போது நடிப்பு நன்றாக இருக்கிறதாம்.

நடு நாற்காலியில் இருப்பது நான். மூக்கு கொஞ்சம் சப்பை. மற்றபடி கம்பீரம் அப்படியே வந்திருக்கிறது.